வேணும் என்ற சொல்லுக்குப் பன்னிரண்டு பொருள்

"மனிதனை விலங்கிலிருந்து பிரித்துக் காட்டுவது ஆசை அல்ல; ஆசைக்குச் சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல்."

டக்வெல் பேரகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் சர் அம்புரோஸ் டக்வெல், ஊஸ்டர் நகரத்துப் பெரிய மனிதர்கள் கூடும் ஆண்டு விருந்தில் இந்த வாக்கியத்தை முப்பத்தொரு தடவை சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுக் கைதட்டல் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். கண்ணைத் திறந்ததும் பரிமாறுகிறவன் பக்கம் தட்டைச் சற்றே நகர்த்துவார். மாட்டுக்கொழுப்பு போட்டு வேகவைத்த புடிங் இன்னொரு துண்டு வந்து விழும். அதைக் கேட்பதற்கு அவருக்கு ஒரு நாளும் சொல் தேவைப்பட்டதில்லை.

1931 பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை காலை, புகைபோட்ட மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே வலப்பக்கம் சாய்ந்தார். மருத்துவர் வந்து பார்த்து, மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார். வலது கை போய்விட்டது, வலது கால் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. நாற்பது வருஷம் சேர்த்துவைத்த மூன்று லட்சத்துச் சொச்சம் சொற்களில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம். ஆங்கிலத்தில் 'வாண்ட்'. நம் பேச்சில் சொன்னால், 'வேணும்'.

அதைக் காலையிலிருந்து இரவுவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதில் அகராதி வேலையில் இருந்த எனிட் கார்சைடு என்ற பெண்ணுக்கு மட்டும் தெரிந்த ஒரு விசேஷம் இருந்தது. அகராதி 'ஏ'யில் ஆரம்பித்து, எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் முன்னமே முடித்துவிட்டு, கடைசித் தொகுதியான டபிள்யூவுக்கு வந்திருந்தது. அந்தத் தொகுதியில் எல்லாச் சொற்களும் முடிந்து அச்சுக்கோத்தாகிவிட்டது, ஒன்றைத் தவிர. சர் அம்புரோஸ் தன் கையாலேயே எழுதுவேன் என்று சொல்லி, ஒன்பது வருஷமாக மேசை இழுப்பறையில் பூட்டிவைத்திருந்த சொல் அதுதான்.

அந்த வீட்டில் வேலை அப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தது. பெரிய சொற்கள் தலைமைப் பதிப்பாசிரியருக்கு, சின்னச் சொற்கள் பெண்களுக்கு. 'உலகம்', 'ஞானம்', 'சித்தம்' எல்லாம் அவருடையவை. வாத்து நடை, சலவை, மரு, களையெடுப்பு, தவிட்டு வண்டு இவையெல்லாம் எனிட்டுக்கு. இருபத்தாறு வருஷம். கீழ்த்தள அறையில், புறாக்கூடு மாதிரி சுவரெங்கும் கட்டம் கட்டமாக இருந்த அலமாரியிலிருந்து உள்ளங்கையளவு காகிதச் சீட்டுகளை எடுப்பாள். ஒவ்வொரு சீட்டிலும் ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து எவரோ எழுதியனுப்பிய ஒரு வாக்கியமும் அதன் ஆண்டும் இருக்கும். அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்து நீலப் பென்சிலால் எண் போடுவாள். சீட்டு இல்லாமல் பொருள் கிடையாது, ஆண்டு இல்லாமல் சீட்டு கிடையாது. அந்த வீட்டின் சட்டம் அது. மேலே பெரிய சொற்களைத் தலைமைப் பதிப்பாசிரியர் தியானித்துக்கொண்டிருப்பார். மாத முடிவில் அதே சொற்கள் எழுதப்படாமல் கீழே இறங்கிவரும்; எனிட் எழுதுவாள்; அவர் ஓர் அரைப்புள்ளியை மாற்றிவிட்டுத் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போடுவார்.

1922இல் பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளியிலிருந்து எனிட்டுக்குத் தலைமையாசிரியை வேலை வந்தது. சர் அம்புரோஸ் அவளை மேலே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"டபிள்யூ முடியட்டும், மிஸ் கார்சைடு. தலைப்புப் பக்கத்துல என் பேருக்குக் கீழே உங்க பேரு. இணைப் பதிப்பாசிரியர். போதுமா?"

எனிட் பள்ளிக்கு முடியாதென்று எழுதிப் போட்டாள். அதன்பிறகு அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அந்த ஒரு வரி. உடுப்பு, விடுமுறை, துணை, எல்லாவற்றையும் அந்த வரிக்குள் போட்டு மடித்துவைத்துவிட்டாள்.

'வேணும்' என்ற சொல்லையும் போன கிறிஸ்துமஸ் விடுமுறையில், தன்னிடமிருந்த நகல் சீட்டுகளை வைத்து, அவளே வீட்டில் எழுதி முடித்திருந்தாள். பன்னிரண்டு பொருள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு முதல் பொருள் இல்லாமை, வறுமை. விரும்புவது என்ற பொருள் மிகவும் பின்னால் வந்தது. அதற்குக் கீழே ஒத்த சொற்களுக்கெல்லாம் வித்தியாசம் காட்டி ஒரு நீண்ட குறிப்பு. விரும்புகிறவன் கேட்பான், ஆசைப்படுகிறவன் கேட்கக் கூச்சப்படுவான், ஏங்குகிறவன் கேட்டு ஓய்ந்தவன் என்று எழுதியிருந்தாள். அவாவுகிறவனுக்குப் பண்டம் முக்கியமில்லை, அது பக்கத்து வீட்டில் இருப்பதுதான் முக்கியம் என்று எழுதிப் பிறகு அடித்துவிட்டாள். தன்னுடையது இவற்றில் எந்த எண்ணில் விழும் என்று அவள் பார்க்கவில்லை. சீட்டு இல்லாத பொருளை அவள் பார்ப்பதில்லை.

இப்போது சிக்கல் இதுதான். தலைப்புப் பக்கத்தில் யார் பெயர் ஏறுவதானாலும் சர் அம்புரோஸ் இரண்டு அறங்காவலர் முன்னிலையில் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும் என்று அகராதியை நடத்தும் அறக்கட்டளையின் பத்திரத்தில் இருந்தது. எழுதிவைத்தவர் அவரேதான், தான் வாயற்றுப்போகும் நாளை அவர் கற்பனை செய்திருக்கவில்லை. அச்சகத்துக்காரர்கள் வெள்ளிவரை பொறுப்பார்கள். அதற்குமேல் இயந்திரம் ரயில் கால அட்டவணை அச்சடிக்கப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அறங்காவலர்கள் வருவதாக ஏற்பாடு. அன்று மத்தியானம் எனிட் மாடிக்குப் போனாள். சர் அம்புரோஸ் பெரிய கட்டிலில், சுத்தக்காற்று வேண்டுமென்று மருத்துவர் திறந்துவைக்கச் சொன்ன ஜன்னலுக்கு நேரே கிடந்தார். வேலைக்காரி ஹெட்டி பிளம் அவருக்கு மாட்டிறைச்சிச் சாறு புகட்டிக்கொண்டிருந்தாள். ஹெட்டிக்கு நாற்பது வயது. எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அகராதியை அவள் தூசி தட்டியிருக்கிறாள்.

"வேணும்" என்றார் சர் அம்புரோஸ்.

"இந்தா, இந்தா, ரெண்டாவது கிண்ணம் ஓடுது. யாரும் பிடுங்கிக்கல" என்றாள் ஹெட்டி.

"அவருக்குச் சாறுதான் வேணும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று எனிட் கேட்டாள்.

"உதட்டை நக்குறாரே மிஸ், பாக்கலியா? உதட்டை நக்கினா வாய்க்கு. ஜன்னலைப் பார்த்தா குளிருது, கம்பளி. இடது கால் பெருவிரல் ஆடிச்சின்னா சட்டி. அது ஆடினா மட்டும் உடனே ஓடிடணும். முந்தாநாள் அஞ்சு நிமிஷம் லேட்டு, எல்லாம் மெத்தையில போச்சு. பாவம், அழுதுட்டாரு மனுஷன்."

"எல்லாத்துக்கும் ஒரே சொல்தானா?"

"ஒரு சொல்லு போதும் மிஸ், பாக்குறவங்க பாத்தா."

 எனிட் பழக்கதோஷத்தில் மனதுக்குள் குறித்துக்கொண்டாள்: உதடு, ஜன்னல், பெருவிரல்.

மூன்று மணிக்கு அறங்காவலர்கள் வந்தார்கள். பாதிரியார் த்ரிங், பேராலயத்தைச் சேர்ந்தவர்; நல்ல குரல்; எதையும் இரண்டு தடவை சொல்வார். பேராசிரியர் பாப்ஜாய், ஓய்வுபெற்ற லத்தீன்காரர். புதன்கிழமைதோறும் வந்து ஷெர்ரி குடித்துவிட்டுச் சொற்களின் வேரைச் சொல்லிவிட்டுப் போவார். எனிட் கையில் ஒரு தலைப்புப் பக்கத்து அச்சுப்படி இருந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. பாப்ஜாயின் கையிலும் ஒன்று இருந்தது. அதில் இருந்த பெயர் பாப்ஜாய்.

எனிட் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்களும் ஒண்ணு அச்சடிச்சிருக்கீங்களா, பேராசிரியர்?"

"சும்மா ஒரு யோசனைதான், மிஸ் கார்சைடு. படிக்கறவங்களுக்கு நம்பிக்கை வரணுமில்ல? ஒரு பெண் பேரைப் பார்த்தா சமையல் புத்தகம்னு நினைச்சுடுவாங்க."

"வேணும்" என்றார் கட்டிலில் இருந்தவர்.

பாதிரியார் த்ரிங் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டார். "கேட்டீங்களா? ஒரு வாழ்நாள் முழுக்கச் சொல்லுக்கு உழைச்சவர். கடைசியில ஒரே சொல். ஒரே சொல். என்ன வேணும் நண்பரே?"

"அப்படி எடுத்த எடுப்புல கேட்கக்கூடாது" என்றார் பாப்ஜாய். "முதல்ல எந்தப் பொருள்ல சொல்றார்னு தெரியணும். பொருளே தெரியாம பண்டத்துக்குப் போறது முறையில்ல. மிஸ் கார்சைடு, சீட்டுகளைக் கொண்டுவாங்க."

அது அந்த வீட்டின் முறைதான். எனிட்டுக்கே அதில் தப்பு தெரியவில்லை. கீழே போய்ப் பன்னிரண்டு பொருளுக்கும் பன்னிரண்டு சீட்டு பொறுக்கிக்கொண்டு வந்தாள். பாப்ஜாய் ஒவ்வொன்றாகச் சர் அம்புரோஸின் மூக்குக்கு முன்னால் பிடித்தார்.

"பொருள் ஒன்று. இல்லாமை. 1297."

"வேணும்."

"எழுதிக்குங்க. பொருள் இரண்டு. குறைபாடு. 1340."

"வேணும்."

"ஒருவேளை இல்லாமையைத்தான் சொல்றாரோ?" என்றார் பாதிரியார். "ஆன்மாவோட வெறுமை. வெறுமை."

சாறு கிண்ணங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த ஹெட்டி திரும்பினாள். "வெறுமையா? ரெண்டு கிண்ணம் உள்ள போயிருக்கு பாதிரியாரே. கொஞ்ச நேரத்துல அது வெளிய வரணும். அப்பத்தான் உண்மையா வேணும்பாரு, பாருங்க."

"அம்மா, இது கல்வி சம்பந்தப்பட்ட விஷயம்" என்றார் பாப்ஜாய்.

"எனக்கு மெத்தை சம்பந்தப்பட்ட விஷயம் சார்" என்று சொல்லிவிட்டு ஹெட்டி தட்டோடு இறங்கிப்போனாள்.

பன்னிரண்டு சீட்டுக்கும் பன்னிரண்டு 'வேணும்' வந்தது. எனிட் பன்னிரண்டையும் எழுதினாள். பாப்ஜாய் அதைத் திரும்பப் படித்துவிட்டு, ஆய்வுக்கு மிகவும் பயனுள்ள முடிவு, ஆனால் முடிவு எதுவும் தெரியவில்லை என்றார். பிறகு, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல், தன் அச்சுப்படியை எடுத்து நீட்டினார்.

"அம்புரோஸ், இதைக் கொஞ்சம் பாருங்க. தலைப்புப் பக்கம். என் பேரு இருக்கு, தெரியுதா?"

சர் அம்புரோஸ் களைத்துப்போயிருந்தார். பன்னிரண்டு சீட்டு பார்த்த கண் மூடிக்கொண்டது. வாய் திறக்கவில்லை.

 இருபத்தாறு வருஷத்தை ஒரு கிழவரின் தொண்டையில் தொங்கவிட்டிருக்கிறோம் என்று எனிட்டுக்குத் தோன்றியது. ஒரு சத்தம் வந்துவிட்டால் போதும், பாப்ஜாய் தொகுதிக்குள் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

"அம்புரோஸ்! என் பேரு!"

சத்தம் வரவில்லை.

"மறுக்கலையே" என்றார் பாப்ஜாய்.

"வாயால சொல்லணும்னு பத்திரம் சொல்லுது" என்றார் பாதிரியார். "வாயால."

"அசதியா இருக்கார். தேநீருக்கு அப்புறம் மறுபடி கேட்போம்."

தேநீர் வந்தது. சோம்பு கேக் வந்தது. பாப்ஜாய் இரண்டு துண்டு தின்றுவிட்டு மூன்றாவது துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது சர் அம்புரோஸ் கண் விழித்தார்.

"வேணும்."

எனிட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையின் கால்மாட்டைப் பார்த்தாள். இடப்பக்கம், கம்பளிக்குக் கீழே, ஒரு சின்ன முண்டு மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது.

தேநீர்க் கோப்பை வாங்க வந்த ஹெட்டியும் அதைப் பார்த்துவிட்டாள். கோப்பைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அரை நிமிஷத்தில் துவாலை போட்டு மூடிய எனாமல் சட்டியோடு திரும்பிவந்தாள். எனிட் எழுந்துபோய் வாசலிலேயே அவளை மறித்தாள்.

"ரெண்டு நிமிஷம், ஹெட்டி."

"என்னது? மிஸ், பெருவிரல் ஆடுது!"

"பார்த்தேன். ரெண்டே நிமிஷம். அங்கயே நில்லு."

"தாங்க மாட்டாரு மிஸ்."

"நில்லுன்னா நில்லு."

ஹெட்டி நின்றாள். பதினெட்டு வருஷத்தில் மிஸ் கார்சைடு குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை.

எனிட் தன் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனாள். எங்கே நிற்கிறோம் என்று தான் யோசிக்கவில்லை என்றுதான் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் சர் அம்புரோஸின் கண்ணிலிருந்து ஹெட்டியின் கையிலிருந்த சட்டிக்கு ஒரு நூல் கட்டினால், அந்த நூல் அவளுடைய தாளை உரசிக்கொண்டுதான் போயிருக்கும்.

"சர் அம்புரோஸ். தலைப்புப் பக்கம். நீங்க சொன்னபடி. உங்க பேருக்குக் கீழே என் பேரு. இணைப் பதிப்பாசிரியர்."

"வேணும்" என்றார் சர் அம்புரோஸ்.

பாதிரியார் எழுந்து நின்றார்.

"வேணும்! வேணும்!" நல்ல கை போர்வையிலிருந்து வெளியே வந்து தாளை நோக்கி நீண்டது, தாளைத் தாண்டியும் நீண்டது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "வேணும்! வேணும்! வேணும்!"

"கடவுளே" என்றார் பாதிரியார் த்ரிங்.  "நாப்பது வருஷத்துல இந்த மனுஷன் யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்ல. பாருங்க அந்தக் கண்ணை. என்ன தாகம்! என்ன தாகம்!"

"இன்னொரு தடவை கேளுங்க" என்றார் பாப்ஜாய். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "தற்செயலா இருக்கலாம்."

"வேணும்!" என்று கத்தினார் சர் அம்புரோஸ்.

"போதுமா பேராசிரியர்? மிஸ் கார்சைடு, குறிப்பேட்டை எடுங்க. உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டுடலாம்."

இத்தோடு முடிந்திருந்தால் ஏறக்குறைய அந்த இரண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும். எனிட் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தாள். ஆனால் தோற்ற அறிஞருக்குக் கடைசியில் மிஞ்சுவது நுணுக்கம். சம்மதம் என்று மொட்டையாக எழுதக்கூடாது, எந்தப் பொருளில் சம்மதம் என்று குறிப்பிட வேண்டும் என்றார் பாப்ஜாய். பொருள் ஐந்து என்றால் வெறும் தேவை; தேவை சம்மதமாகாது. பொருள் ஏழு, விருப்பம், ஆகும். பொருள் ஒன்பது, அடக்கமுடியாத வேட்கை. அது புத்தி கலங்கியவனுக்கும் வருமாதலால் சட்டப்படி செல்லாது.

"ஏழு" என்றாள் எனிட்.

"ஒன்பது மாதிரியில்ல தெரியுது?"

"வேணும்! வேணும்!"

"கேளுங்க. இது ஒன்பது. இவ்வளவு வேகம் ஏழுக்குக் கிடையாது. 1706ஆம் வருஷத்துச் சீட்டைப் பாருங்க."

"வேகத்தை வச்சுப் பொருளைப் பிரிக்கக்கூடாதுன்னு சர் அம்புரோஸே முன்னுரையில எழுதியிருக்கார்" என்றாள் எனிட். அந்த முன்னுரையை எழுதியவள் அவள்தான்.

"மிஸ்..." என்றாள் வாசலிலிருந்து ஹெட்டி.

"இரு ஹெட்டி."

பாப்ஜாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு 1706க்கும் 1751க்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். பாதிரியார் இரண்டையும் இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். எனிட்டின் கையில் பேனா இருந்தது. கண் மட்டும் கால்மாட்டில் இருந்தது. அந்தச் சின்ன முண்டு வேகமாக ஆடியது. இன்னும் வேகமாக ஆடியது. பேனாவைக் கீழே வைத்து, "எல்லாரும் வெளியே போங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் கையெழுத்து நாளைக்குத் தள்ளிப்போகும். நாளைக்கு இந்தக் கண்ணீர் வருமோ வராதோ. அவள் சொல்லவில்லை. கடைசியில் பெருவிரல் நின்றுவிட்டது.

"வேணும்" என்பதும் நின்றுவிட்டது.

"பார்த்தீங்களா" என்றார் பாதிரியார் மெல்ல. "அமைதி. மனசு நிறைஞ்சுருச்சு. இது ஏழுதான் பேராசிரியர். விருப்பம் நிறைவேறினா இப்படித்தான் அடங்கும்."

பாப்ஜாய் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போடும்போது மூக்கைச் சுளித்தார். தோல்வியினால் என்று பாதிரியார் நினைத்துக்கொண்டார். குறிப்பேட்டில் இப்படி ஏறியது: 'தலைமைப் பதிப்பாசிரியர் பொருள் ஏழின்படி, கண்ணீர் மல்க, ஒன்பது முறை சம்மதித்தார்.'

அச்சகத்து ஆள் ஐந்து மணிக்குப் போய்விடுவான். எனிட் தாளை உறையில் போட்டுக்கொண்டு, ஹெட்டியின் முகத்தைப் பார்க்காமல் அவளைத் தாண்டிப் படியிறங்கினாள். அறங்காவலர்கள் ஷெர்ரிக்காகக் கீழே போனார்கள். ஹெட்டி சட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலுக்கு வந்தாள். சர் அம்புரோஸ் பாரமான மனிதர். வலது பக்கம் மரக்கட்டை மாதிரி. அவரை ஒரு பக்கம் புரட்டி, நனைந்த விரிப்பை உருவி, மறுபக்கம் புரட்ட ஒரு பெண்பிள்ளையால் முக்கால் மணி நேரம் ஆனது. ஜன்னல் திறந்தே இருந்தது. ஆற்றுப்பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தது. சர் அம்புரோஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லையும் சொல்லவில்லை. மறுநாள் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார் மருத்துவர். சனிக்கிழமை மத்தியானம் போய்ச்சேர்ந்தார். தலைப்புப் பக்கம் வெள்ளிக்கிழமையே அச்சாகியிருந்தது.

பேராலயத்தில் கூட்டம். பாதிரியார் த்ரிங் நாற்பது நிமிஷம் பேசினார். "அவருடைய கடைசிச் சொல் 'வேணும்' என்பது. எதை வேண்டினார் அந்தப் பெரியவர்? பொன்னையா? புகழையா? இல்லை. உண்மையை வேண்டினார். நிறைவை வேண்டினார்." முன்வரிசையில் எனிட் கறுப்புக் கையுறையோடு உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தார் அவளைச் சுட்டிக்காட்டி, அவள்தான் என்று கிசுகிசுத்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் அவளை யாரும் சுட்டிக்காட்டியதில்லை. இன்பமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கழுத்துப் பட்டிதான் இறுக்கமாக இருந்தது.

சடங்கு முடிந்து டக்வெல் இல்லத்தில் தேநீர் கொடுத்தார்கள். லண்டன் பத்திரிகையிலிருந்து வந்திருந்த நிருபர், கேக் தட்டோடு போய்க்கொண்டிருந்த ஹெட்டியை நிறுத்தினார்.

"கடைசிவரை நீங்கதானே கூட இருந்தீங்க? அவருக்கு உண்மையில என்னதான் வேணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன சார்? சட்டி."

"எது?"

"மூத்திரச் சட்டி. கேக் எடுத்துக்குங்க."

நிருபர் சிரித்துவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தார். இரண்டடி தள்ளி நின்ற பாப்ஜாய் அதைக் கேட்டுவிட்டார். பத்திரிகையில் அது வரவில்லை. பாதிரியார் ஆசிரியருக்குத் தந்தி கொடுத்து நிறுத்திவிட்டார். ஆனால் அந்தப் பெண் இனி இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று அறங்காவலர்கள் அன்று மாலையே முடிவுசெய்தார்கள். வீட்டுப் பணியாளர்களை வைப்பதும் நீக்குவதும் பதிப்பாசிரியர் பொறுப்பு. பதிப்பாசிரியர் என்று இப்போது உயிரோடு இருந்தவர் ஒருவர்தான்.

மறுநாள் காலை ஹெட்டி கீழ்த்தள அறைக்கு வந்தாள். தொப்பி போட்டுக் கையில் பெட்டியோடு தயாராகவே வந்தாள்.

"உட்காரு ஹெட்டி."

"வேணாம் மிஸ். பேரு வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"பெருசாவா?"

"அவரோடதைவிடச் சின்னது."

"கண்ணுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப சரி." ஹெட்டி அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தாள். "நான் சட்டின்னு மட்டும்தான் சொன்னேன் மிஸ். ரெண்டு நிமிஷத்தைப் பத்தி யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அது உங்களுக்கும் எனக்கும் அவருக்கும்தான் தெரியும். அவருக்கு இனிமே தெரியாது."

எனிட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் சொல்ல நினைத்ததற்கு எத்தனையோ சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆண்டு தெரியும், வேர் தெரியும். ஹெட்டி நின்று பார்த்தாள். ஒன்றும் வராததால், "வண்டிக்கு நேரமாச்சு, அந்த வேலைக் கடுதாசியில கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்றாள்.

கடிதத்தின் வாசகம் பாதிரியார் த்ரிங் எழுதிக்கொடுத்தது. ஹெட்டி பிளம் பதினெட்டு வருஷம் நாணயமாக வேலைபார்த்ததாகவும், தன் சொந்த ஆசையின் பேரில் விலகுவதாகவும் அதில் இருந்தது. எனிட் 'ஆசை' என்பதை அடித்துவிட்டு 'விருப்பம்' என்று திருத்தினாள். பணியாளர் கடிதத்துக்கு அதுதான் பொருத்தம். பிறகு பெயரையும் அதன் கீழே 'இணைப் பதிப்பாசிரியர்' என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

அந்தப் பதவியில் அவள் போட்ட முதல் கையெழுத்து அது. பேனா எங்கும் தடுமாறவில்லை. கழித்துப்போட்ட சீட்டுகளின் பின்பக்கத்தில் ஒன்பது வருஷமாக அதைப் போட்டுப் பழகியிருந்தாள்.